மதிப்பிட்டது ஒரு பாதை, போட்டது வேறு பாதை

தெற்கு அதிவேக நெடுஞ்சாலையைப் பற்றி எங்களில் பலருக்குத் தெரிந்தது அதன் வேகம்தான். 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலி, பின்னதூவ வரை முதல் பகுதி திறந்தபோது, மூன்று மணித்தியாலப் பயணம் ஒரு மணித்தியாலமாகக் குறைஞ்சுபோச்சு எண்டு நாடு முழுக்கக் கதைச்சது. 2014 மார்ச்சில் பாதை மாத்தறை வரை நீண்டது. பிறகு 2020இல் மத்தளைப் பக்கமும் போய்ச் சேர்ந்தது. இலங்கையின் முதலாவது அதிவேகப் பாதை என்று பாடப்புத்தகத்திலும் பொது அறிவுக் கேள்விகளிலும் வருவது இதுதான்.

அந்தப் பாதைக்குக் கீழே ஒரு வழக்கு கிடக்கிறது. வீடு வளவு இழந்த சிலர், "எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கோட்டை எங்கட பக்கம் நகர்த்திப்போட்டினம்" என்று சொல்லி உயர் நீதிமன்றம் வரை போன கதை அது. சட்டம் படிப்பவர்களுக்கு அது தெரியும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதப்பட்டிருக்கிறது. தமிழில் கதைக்கும்போது எங்கள் வட்டங்களில் அது பெரிதாக அடிபடுவதில்லை. "தெற்கில நடந்த விஷயம், எங்களுக்கு என்ன?" என்று ஒரு கேள்வி வரலாம். சட்டம் ஒன்று, அதிகார சபையும் ஒன்று, நோட்டீஸ் ஒட்டும் முறையும் ஒன்றுதான். நாளைக்கு வடக்கிலோ கிழக்கிலோ மலையகத்திலோ ஒரு புதுப் பாதை வந்தால் இதே கதையின் இன்னொரு பதிப்பில் நாங்கள் இருப்போம். அதனால்தான் இந்த வரலாற்றை எழுதுகிறோம்.

கேட்காமல் போட்ட காலம்

கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் போய்ச் சேர்ந்தது 1867இல். கோப்பியை மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறக்குவதுதான் அதன் முதல் வேலை. அன்று கணக்குப் பார்த்தார்கள்: மைலுக்கு எவ்வளவு செலவு, மூட்டைக்கு எவ்வளவு கூலி மிச்சம். எந்தக் காடு போகும், எந்த ஓடை திசை மாறும், பாதை வெட்டும் தொழிலாளர்கள் எத்தனை பேர் நோயில் விழுவார்கள் என்பவை அந்தக் கணக்கில் வரவில்லை. கரையோர ரயில் 1894இல் காலிக்கும் 1895இல் மாத்தறைக்கும் போனது. 1905இல் வடக்குப் பாதை முழுமையாகி யாழ்ப்பாணம் கொழும்போடு இணைந்தது. பயன் பெரியதுதான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பாதை எங்கே போகும் என்பது அரசாங்கத்தின் தனி உரிமையாக இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் அப்படியே தொடர்ந்தது.

உலகத்தில் இந்தப் பழக்கத்துக்கு முதலில் ஒரு தடை போட்டது அமெரிக்கா. 1970 ஜனவரி 1ஆம் திகதி கையெழுத்தான அந்நாட்டின் தேசிய சுற்றாடல் கொள்கைச் சட்டம், அரசாங்கம் ஒரு பெரிய வேலையைத் தொடங்க முன்னர் அதன் பாதிப்பை எழுத்தில் வைக்க வேண்டும் என்றது. எழுதினால் போதாது, மக்களுக்குக் காட்டவும் வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்று இன்று நாங்கள் சொல்வதன் தொடக்கம் அதுதான்.

இலங்கைக்கு இது துண்டு துண்டாக வந்தது. துரித மகாவலித் திட்டத்துக்கு 1980இல் வெளிநாட்டு உதவியோடு ஒரு பெரிய சுற்றாடல் ஆய்வு நடந்தது. ஆனால் அந்த நேரம் அணை வேலைகள் ஓடிக்கொண்டிருந்தன. அதே 1980இல் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் நிறைவேறி, அடுத்த வருடம் மத்திய சுற்றாடல் அதிகார சபை உருவானது. 1981இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையோர வலயத்துக்குள் செய்யும் வேலைகளுக்கு மதிப்பீடு கேட்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. நாடு முழுவதுக்குமான கட்டாயம் 1988இன் 56ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தோடுதான் வந்தது. அதிலும் எந்தெந்தத் திட்டங்களுக்கு என்ற பட்டியல் வர 1993 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த 1993 ஜூன் எங்களுக்கு எப்படியான காலம் என்று ஒருக்கால் நினைத்துப் பாருங்கோ. ஆனையிறவு மூடியிருந்தது. யாழ்ப்பாணத்துச் சனம் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்துகொண்டிருந்தது. நாட்டின் ஒரு பக்கத்தில் பாதை போட முதல் மக்களைக் கேட்க வேண்டும் என்று வர்த்தமானி வெளியாகும்போது, மறுபக்கத்தில் பாதையே இல்லை. இந்தச் சட்டம் எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கமாக வளராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

சட்டம் என்ன கேட்கிறது

பட்டியல் நீளமானது. பாதைகளைப் பொறுத்தவரை, 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தேசிய அல்லது மாகாண நெடுஞ்சாலை அமைப்பது அதற்குள் வரும். 100 குடும்பங்களுக்கு மேல் விருப்பமில்லாமல் இடம்பெயர்த்துக் குடியமர்த்துவதும் வரும். அப்படியான திட்டத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் நிறுவனம், முதலில் அது எவ்வளவு பெரியது என்று பார்த்து, ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை அறிக்கை போதுமா, முழு மதிப்பீடு தேவையா என்று தீர்மானிக்கும். முழு மதிப்பீடு என்றால் அறிக்கையைப் பொதுமக்கள் பார்க்க வைக்க வேண்டும். பத்திரிகையில் அறிவித்தல் வரும். அந்த நாளிலிருந்து 30 வேலை நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். தேவை என்று கண்டால் பகிரங்க விசாரணையும் வைக்கலாம்.

அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சட்டம் சொல்கிறது. திட்டத்தின் விவரம், தவிர்க்கக்கூடிய பாதிப்பு, தவிர்க்க முடியாத பாதிப்பு, திரும்பப் பெற முடியாமல் போகும் வளங்கள். இவற்றோடு முக்கியமான இன்னொன்றும் இருக்கிறது: பாதிப்புக் குறைந்த மாற்று வழிகள் எவை, அவற்றை ஏன் கைவிட்டீர்கள் என்ற காரணம். எங்கள் பார்வையில் முழு அறிக்கையிலும் உயிர் இருக்கும் இடம் இதுதான். மற்ற அதிகாரங்களில் மீனின் பெயரும் பறவையின் பெயரும் இருக்கும். இந்த அதிகாரத்தில்தான் அரசாங்கம் தன்னுடைய முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓட்டைகளும் உண்டு. அறிக்கையைத் தயாரிக்கும் செலவு திட்டக்காரருடையது, அதாவது ஆய்வாளருக்குக் காசு கொடுப்பவர் பாதை போட விரும்புபவர். அரசாங்கப் பாதை என்றால் விண்ணப்பிப்பதும் அரசாங்கம், ஒப்புதல் தருவதும் அரசாங்கம். 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஆரம்பப் பரிசோதனை அறிக்கைக்கு மக்கள் கருத்துக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டால் திட்டக்காரர் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம். ஒப்புதல் கொடுக்கப்பட்டதால் பாதிக்கப்படுகிறவருக்கு அப்படி ஒரு படி கிடையாது, அவர் நீதிமன்றத்துக்குத்தான் போகவேணும். தெற்குப் பாதையில் நடந்தது அதுதான்.

கோடு நகர்ந்த கதை

கொழும்பையும் மாத்தறையையும் இணைக்கும் அதிவேகப் பாதை பற்றிய பேச்சு 1990களின் தொடக்கத்திலிருந்தே இருந்தது. பொறியியலாளர்கள் 'ட்ரேஸ்' என்று சொல்லும் பாதைக் கோட்டை வீதி அபிவிருத்தி அதிகார சபை முதலில் ஒரு விதமாக வரைந்தது. 1999இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் தயாரித்த மதிப்பீட்டு அறிக்கை அந்த மூலக் கோட்டையும், அதைச் சில இடங்களில் மாற்றி அமைத்த 'இணைந்த கோடு' ஒன்றையும் பரிசீலித்தது. அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்தது. தன் வளவு அந்தக் கோட்டில் இருக்கிறது என்று கண்டவர் எழுதினார். இல்லை என்று கண்டவர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். இந்த இரண்டாவது ஆளை நினைவில் வைத்திருங்கோ.

1999 ஜூலையில் மத்திய சுற்றாடல் அதிகார சபை நிபந்தனைகளோடு ஒப்புதல் கொடுத்தது. நிபந்தனைகளில் ஒன்று, வெரஸ் கங்கை - பொல்கொட சதுப்பு நிலங்களையும் கொக்கலப் பக்கத்துச் சதுப்பு நிலங்களையும் பாதை தவிர்க்க வேண்டும் என்பது. நல்ல நிபந்தனைதான். அந்தச் சதுப்புகள் மழை வெள்ளத்தைப் பிடித்து வைத்திருப்பவை. அவற்றை மண் போட்டு நிரப்பினால் சுற்றியுள்ள ஊர்களுக்குள் தண்ணீர் ஏறும். அதே வருடம் நவம்பரில் ஆசிய அபிவிருத்தி வங்கி கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. குருந்துகஹஹெதெக்மவுக்குத் தெற்கே உள்ள பகுதிக்கு அந்த வங்கியும், கொழும்புப் பக்கத்துப் பகுதிக்கு யப்பானும் பணம் கொடுப்பதாக ஏற்பாடு.

பிறகு 'இறுதிக் கோடு' வந்தது. சதுப்பைத் தவிர்க்கக் கோட்டை நகர்த்தினால் அது எங்கேயாவது போக வேண்டும்தானே. பண்டாரகம, அக்மீமன போன்ற இடங்களில் அது மேட்டு நிலத்துக்கு, அதாவது சனம் குடியிருக்கிற இடத்துக்குப் போனது. 1999 அறிக்கையைப் பார்த்து "எங்கட வளவு இதில இல்லை" என்று வீட்டுக்குப் போனவர்களின் வாசலில் அளவைக்காரர் வந்து முளை அடித்தார். அந்த மக்களுக்கு அறிவித்தல் வரவில்லை, 30 நாள் கிடைக்கவில்லை, யாரும் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கவுமில்லை. மாறிய கோட்டுக்கு மேலதிக மதிப்பீட்டு அறிக்கை ஒன்று தயாரிக்கப்படவும் இல்லை.

அதிகாரிகளின் பக்க வாதம் இப்படி: முதலாவது ஆய்வு ஒரு மெல்லிய கோட்டை மட்டும் பார்க்கவில்லை, இரண்டு பக்கமும் அகலமான ஒரு நிலப்பட்டையைப் பார்த்தது, புதிய கோடு அதற்குள்தான் போகிறது, ஆகவே புது ஆய்வு தேவையில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பட்டைக்குள் குடியிருக்கிறவருக்கு அது என்ன மாதிரி இருக்கும்? ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் போகிற பாதையும் உங்கள் குசினியை உடைத்துக்கொண்டு போகிற பாதையும் ஆய்வின் கணக்கில் ஒன்றாகிவிடுகிறது. காற்றின் தரத்தைப் பட்டையாக அளக்கலாம். வீட்டை அப்படி அளக்க ஏலாது.

நீதிமன்றம் சொன்னதும் நடந்ததும்

பாதிக்கப்பட்டவர்கள் முதலில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். கோரிக்கை அங்கே தள்ளுபடியானது. தேசிய நன்மைக்கான பெரிய திட்டம் ஒன்றைச் சிலருக்காக நிறுத்துவதா என்ற தயக்கமே அங்கே மேலோங்கி நின்றது. அவர்கள் விடவில்லை. 2004 ஜனவரி 20ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ. 'மண்டி எதிர் மத்திய சுற்றாடல் அதிகார சபை' என்று சட்ட மாணவர்கள் இன்றைக்கும் படிக்கும் வழக்கு இது.

நீதிமன்றம் சொன்னதை எங்கள் சொற்களில் சுருக்கினால் இப்படி வரும். கோட்டில் செய்த மாற்றம் சின்ன மாற்றம் இல்லை. அதற்கு மேலதிக மதிப்பீடும் புதிய ஒப்புதலும் தேவைப்பட்டன. பாதிக்கப்படப்போகிற மக்களைக் கேட்காமல் முடிவெடுத்தது இயற்கை நீதிக்கு முரண். சட்டத்தின் முன் சமமான பாதுகாப்புக் கொடுக்கும் அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரையும் மீறப்பட்டது. அரச நிறுவனங்களிடம் இருக்கும் அதிகாரம் அவர்களுடைய சொந்தச் சொத்து இல்லை, அது மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருப்பது. 2000ஆம் ஆண்டு எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் வளங்களைப் பற்றிக் கதைக்கும்போது எழுந்த அதே பொதுநம்பிக்கைக் கருத்து, இங்கே பாதை போடும் அதிகாரத்துக்கும் பொருந்தி வந்தது.

சரி, பிறகு என்ன நடந்தது? பாதை நிற்கவில்லை. அந்த நேரம் வேலைகள் வெகுதூரம் போய்விட்டன, கடன் ஓடிக்கொண்டிருந்தது. காணி சுவீகரிப்புச் சட்டத்தின்படி கிடைக்கும் நட்டஈட்டுக்கு மேலதிகமாக, மேன்முறையீட்டாளர் ஒவ்வொருவருக்கும் 75,000 ரூபாய் கொடுக்கும்படி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு நீதிமன்றம் கட்டளையிட்டது. உரிமை மீறப்பட்டது உண்மை, ஆனால் பாதை அந்தக் கோட்டிலேயே போகும். வென்றவர்களின் வீடுகளும் போயின.

இதைத் தோல்வி என்று மட்டும் நாங்கள் சொல்லமாட்டோம். அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால், ஒப்புதல் கிடைத்த பிறகு கோட்டை எங்கேயும் நகர்த்தலாம் என்பதே வழக்கமாகியிருக்கும். ஆனால் 75,000 ரூபாய் என்ற தொகை ஒரு விஷயத்தை விளங்கப்படுத்துகிறது. கேட்கப்படும் உரிமைக்கு வேலை தொடங்க முதல் ஒரு பெறுமதி, இயந்திரம் வந்த பிறகு இன்னொரு பெறுமதி. முதலாவதில் பாதையே மாறலாம். இரண்டாவதில் காசு மட்டும்தான் கிடைக்கும்.

வங்கியின் வாசலில்

பாதிக்கப்பட்டவர்களின் அமைப்புகள் இன்னொரு கதவையும் தட்டின. ஆசிய அபிவிருத்தி வங்கி, தன்னுடைய திட்டங்களால் பாதிக்கப்படுகிறவர்கள் முறையிட ஒரு புதிய பொறுப்புக்கூறல் பொறிமுறையை அப்போதுதான் தொடங்கியிருந்தது. 2004 டிசம்பரில் தெற்குப் பாதை மக்கள் கொடுத்த முறைப்பாடுதான் அதன் இணக்க மீளாய்வுக் குழுவிடம் பதிவான முதலாவது. குழு ஆவணங்களைப் பார்த்து, 2005 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. வங்கி தன்னுடைய சுற்றாடல், மீள்குடியேற்றக் கொள்கைகளையே சரியாகப் பின்பற்றவில்லை என்று அது கண்டது. நிலைமையைச் சரிசெய்ய 19 பரிந்துரைகளை முன்வைத்தது. அவை நடக்கின்றனவா என்று பல வருடங்கள் கண்காணிப்பும் தொடர்ந்தது.

இதனால் சில குடும்பங்களுக்கு நட்டஈடும் வசதிகளும் கொஞ்சம் கூடின. ஆனால் கோடு மாறவில்லை. பாதைக்காக வீடு இழந்த குடும்பங்கள் ஆயிரத்துக்கும் மேல். வயல், தேயிலை, கறுவாத் தோட்டம் இழந்தவர்கள் அதைவிடக் கூட. 2011இல் திறப்பு விழா நடந்தபோது இந்தக் கதை செய்தியின் ஓரத்தில்கூட இருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்ல வேண்டும். கோட்டை நகர்த்தச் சொன்னது சுற்றாடல் நிபந்தனை. அதனால் வீடு இழந்தவர்கள் மனிதர்கள். "பறவைக்காக எங்களை எழுப்பினவை" என்று ஒருவர் சொன்னால் அவரிடம் என்ன பதில் சொல்வது? எங்கள் பதில் இதுதான். சதுப்பைக் காப்பாற்றியது பிழை இல்லை, அதுவும் மனிதர்களின் வீட்டுக்குள் வெள்ளம் வராமல் காப்பதுதான். நிபந்தனை போட்டவர்கள் பாதி வேலையோடு நின்றுவிட்டார்கள் என்பதுதான் பிழை. "இங்கே போகாதே" என்று சொல்பவர், "அப்ப எங்கே போகும், அங்கே யார் இருக்கினம்?" என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டால் சுற்றாடல் என்ற சொல்லே மக்களுக்கு எதிரி மாதிரித் தெரியத் தொடங்கும். பிறகு அந்தச் சொல்லைத் தூக்கி எறிவது அரசியல்வாதிக்குச் சுகம்.

மதிப்பிடப்படாத முடிவுகள்

இன்னும் ஒரு படி மேலே போவோம். தெற்குப் பாதையில் சண்டை எல்லாம் கோடு எங்கே போவது என்பதில் நடந்தது. அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: கொழும்புக்கும் மாத்தறைக்கும் இடையில் தேவைப்பட்டது அதிவேகப் பாதையா, 1895இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் கரையோர ரயிலை நல்லாக்குவதா, இரண்டுமா? இப்படியான கேள்வி ஒரு தனித் திட்டத்தின் அறிக்கைக்குள் அடங்காது. அறிக்கை வரும்போது "நெடுஞ்சாலை போடுறது" என்ற முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். மாற்று வழிகள் என்ற அதிகாரத்தில் இடதுபக்கக் கோடா, வலதுபக்கக் கோடா என்பதைத்தான் பெரும்பாலும் ஒப்பிடுவார்கள்.

கொள்கைகளையும் பெருந்திட்டங்களையும் அவை முடிவாக முதலே மதிப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. மூலோபாய சுற்றாடல் மதிப்பீடு என்பது அதன் பெயர். இலங்கையில் 2006இல் அமைச்சரவை அதற்கு ஆதரவாக முடிவெடுத்தது. ஆனால் அமைச்சரவை முடிவு வேறு, சட்டம் வேறு. முடிவைப் பின்பற்றாத அமைச்சை ஒரு குடிமகன் நீதிமன்றத்துக்கு இழுப்பது லேசான காரியமில்லை.

இதன் விளைவை 2020இல் பார்த்தோம். மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டை வரை 15.7 கிலோமீற்றர் இலகு ரயில் பாதை ஒன்றுக்குச் சுற்றாடல் மதிப்பீடு நடந்தது, மக்கள் கருத்துக் கேட்கப்பட்டது, 2019 மார்ச்சில் யப்பானோடு கடன் ஒப்பந்தமும் கையெழுத்தானது. 2020 செப்டெம்பரில் ஜனாதிபதி செயலகத்திலிருந்து போன ஒரு கடிதத்தோடு திட்டம் நிறுத்தப்பட்டது. திட்டம் நல்லதா, செலவு கூடவா என்று வாதிடலாம். எங்கள் கவனம் வேறு. ரயில் போட முதல் அதன் பாதிப்பை எழுதி மக்களுக்குக் காட்டச் சட்டம் கட்டாயப்படுத்தியது. ரயில் போடாமல் விட்டால் அந்த வீதியில் இன்னும் எத்தனை வாகனம், எவ்வளவு புகை, பஸ்ஸில் போகிறவருக்கு இன்னும் எத்தனை மணித்தியாலம் என்று யாரும் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. போடாமல் விடுவதும் ஒரு போக்குவரத்துக் கொள்கைதான். அதற்கும் சுற்றாடல் தாக்கம் இருக்கிறது.

எங்கட பக்கம்

போர் முடிந்த பிறகு வடக்கில் பாதைகள் வேகமாக வந்தன. 2006 ஓகஸ்டில் மூடப்பட்டிருந்த ஏ9 திறந்தது, அகலமானது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் வந்து பூநகரியையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி திரும்பி யாழ்ப்பாணம் வந்தது. அந்த நேரம் "மதிப்பீடு எங்கே?" என்று கேட்கிற மனநிலையில் யாரும் இருக்கவில்லை. இருபது வருடம் பாதை இல்லாமல் கிடந்த சனத்திடம் அப்படிக் கேட்பதும் முறையில்லை. இன்னொன்றும் உண்டு. சட்டத்தின் பட்டியல் நெடுஞ்சாலை 'அமைப்பது' பற்றித்தான் கதைக்கிறது. இருக்கிற பாதையைத் திருத்துவது, அகலிப்பது எல்லாம் பல நேரம் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றுவிடும்.

ஆனால் திருத்தும் பாதையும் நிலத்தை மாற்றும். வடக்கு தட்டையான நிலம். ஓர் அடி உயர்த்திப் போட்ட வீதி மாரி காலத்தில் ஓர் அணைக்கட்டு மாதிரி வேலை செய்யும். மதகு எந்த இடத்தில், எத்தனை அடி அகலம் என்பதைப் பொறுத்து, வீதிக்கு இந்தப் பக்கம் வயல் காயும், அந்தப் பக்கம் குடிமனைக்குள் தண்ணீர் நிற்கும். வீதியை நிரப்பிய கிரவல் எங்கோ ஒரு மேட்டிலிருந்தும், கல் எங்கோ ஒரு மலையிலிருந்தும் வந்திருக்கும். பாதை ஓரத்து மருதும் வேம்பும் எத்தனை போகும் என்பதும் கணக்குத்தான்.

வேடிக்கை என்னவென்றால், இப்படியான கேள்விகளுக்கு நல்ல ஓர் ஆவணம் எங்களிடம் இருக்கிறது. வட மாகாணத்துக்கான ஒருங்கிணைந்த மூலோபாய சுற்றாடல் மதிப்பீடு 2014இல் வெளியானது. மத்திய சுற்றாடல் அதிகார சபையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் உதவியோடு செய்தது. காடு எங்கே, நிலத்தடி நீர் எங்கே, வெள்ளம் வரும் இடம் எங்கே, அபிவிருத்திக்கு ஏற்ற இடம் எங்கே என்று வரைபடங்களாக அடுக்கி வைத்திருக்கிறது. தெற்குப் பாதை போட்ட காலத்தில் அந்த மக்களுக்கு இப்படி ஒன்று கிடைக்கவில்லை. எங்களிடம் இருக்கிறது, ஆனால் எங்கள் பிரதேச சபைக் கூட்டங்களில் யாராவது அதை விரித்துப் பார்த்துக் கதைத்ததை நாங்கள் கண்டதில்லை.

2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இப்போது கையில் இருக்கிறது. ஒரு லட்சம் டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதியிலோ 5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உள்நாட்டு நிதியிலோ நடக்கும் திட்டம் என்றால், தொடங்க மூன்று மாதம் முன்னமே அதன் விவரத்தை மக்களுக்குத் தெரிவிப்பது அமைச்சரின் கடமை என்று அதன் 9ஆம் பிரிவு சொல்கிறது. பண்டாரகமவிலும் அக்மீமனவிலும் சனம் 2000களின் தொடக்கத்தில் அலைந்தபோது இந்தச் சட்டமும் இருக்கவில்லை.

ஆகவே உங்கள் ஊரால் ஒரு பாதை வரப்போகுது எண்டு கேள்விப்பட்டால், முதலில் ஒரு கடிதம் எழுதுங்கோ. பாதைக் கோட்டின் வரைபடத்தைக் கேளுங்கோ, திகதியோடு கேளுங்கோ. மதிப்பீட்டு அறிக்கை எந்தக் கோட்டைப் பார்த்தது, இப்போது போடப்போவது அதே கோடுதானா என்று கேளுங்கோ. அறிவித்தல் வந்த நாளிலிருந்து 30 வேலை நாளை எண்ணுங்கோ, அதில் சனி ஞாயிறும் போயா லீவும் சேராது. உங்கள் வளவு கோட்டில் இல்லை என்றாலும் எழுதுங்கோ. 1999இல் அறிக்கையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவரின் வளவும் அன்றைக்குக் கோட்டில் இருக்கவில்லை.